ஸ்டிக்கர் பொட்டு

அந்த வட்ட அரங்கின் பெருமையே அதன் வெளியேறும் கதவு கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். வெள்ளைச் சுவரோடு சுவராக இருக்கும். கைப்பிடி கிடையாது. சரியான இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினால் மட்டும் திறக்கும். அதை வடிவமைத்த இளம்பரிதிக்கு அதற்காகவே விருது கிடைத்திருந்தது. திறப்பு விழா அன்று காலையில் அந்தக் கதவில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. "இது யாரு வேலை?" என்று கத்தினான். "நான்தான் சார். தெனமும் வாளியத் தூக்கிக்கிட்டு செவுரு பூரா தடவ வேண்டியிருக்கு. அதான் அடையாளத்துக்கு வச்சேன்" என்றாள் அரங்கைத் துடைக்கும் குருவம்மா. "சரிம்மா, நீங்க போங்க" என்று அவளை அனுப்பிவிட்டு, நகத்தால் பொட்டைப் பெயர்த்தான். எங்கே போடுவதென்று தெரியாமல் தன் கடிகாரப் பட்டையில் ஒட்டிக்கொண்டான். மாலையில் நுழைவாயில் பக்கம் ஏசி தீப்பிடித்துப் புகை உள்ளே வந்தபோது, அதையும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து விருந்தினர்கள் கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் இருமத் தொடங்கி, ஆளுக்கொரு பக்கம் சுவரைத் தள்ளினார்கள். இளம்பரிதியும் தள்ளினான். சுவர். இரண்டடி நகர்ந்து தள்ளினான். அதுவும் சுவர்தான். டீத் தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்த குருவம்மா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரமாகக் குனிந்து குனிந்து தேடினாள். "சார், இங்கதான எங்கயோ வச்சேன்... என் பொட்டு எங்க சார்?" அவன் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் அவனுடைய மணிக்கட்டைப் பார்த்துவிட்டாள்.