நாற்பத்தைந்து நிமிடப் பறப்பு

முதியோர் சங்கத்தோடு வடக்கே சுற்றுலாப் போகிறேன் என்றதும், ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் இருக்கும் என் தங்கை தவமணி ஒரு டப்பா ஆட்டிறைச்சிக் கறியோடு வந்துவிட்டாள். அதை அவள் புருஷன் சச்சிதானந்தனிடம் சேர்க்க வேண்டும். அவனுக்கு வேலை, நாங்கள் தங்கும் ஊரிலிருந்து இருநூற்றுப்பத்துக் கிலோமீற்றர் தள்ளி இன்னோர் ஊரில். இடையில் தெரு கிடையாது. ஒன்பது பேர் ஏறும் விமானத்தில் நாற்பத்தைந்து நிமிடம்.

அந்த விமானத்தின் ஏணிவரை போனேன். காற்றுக்குச் சிறகு ஆடியது. திரும்பி வந்து காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தேன். வீணாக்க மனமில்லாமல் கறியைப் பாணோடு நானே தின்று முடித்தேன்.

ரொறன்ரோ வந்து, "மச்சான் விரலைக்கூடச் சூப்பினவர்" என்று தவமணியிடம் சொன்னேன். அவள் கண் கலங்கினாள். அதன்பிறகு அவள் முகத்தை நேரே பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஞாயிறு மத்தியானம் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சச்சிதானந்தன் போன் எடுத்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். பொய் பிடிபடப் போகிறது என்று நான் தலையைக் குனிந்தேன்.

"கறி எப்பிடியப்பா?"

"நல்ல உறைப்பு. கொண்ணைதான் ஒரு வாயும் வைக்கேல்லை. வந்த நாள் தொடக்கம் என்ரை கட்டிலிலைதான் இருக்கிறார். திரும்பிப் பிளேன் ஏறப் பயமாம்."

தவமணி என்னைப் பார்த்தாள். என் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணை இஞ்சையெல்லோ இருக்கிறார். அங்கை ஆரப்பா?"

போனில் யாரோ இருமினார்கள். அது என் இருமல். பிறகு என் குரலே மெதுவாகச் சொன்னது:

"மச்சான், இதை அவளுக்குச் சொல்லாதை. வெக்கமாயிருக்கு."