தாலாட்டுக் காட்சி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சினிமாத் துணுக்கையாவது எடுத்துவிடாமல் போனால் குமாஸ்தாவுக்குச் சாப்பிட்டது செரிக்காது.

“அந்தப் பழைய படத்துல கதாநாயகி தாலாட்டுற பெண் குழந்தை ஞாபகம் இருக்கா? அது ஆம்பளப் பையனாம். கவுனை மாட்டி, வளையலைப் போட்டு ஏமாத்தியிருக்காங்க. பத்திரிகையில போட்டிருக்கான்.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“பாவம், அவன் இப்ப எங்க மூஞ்சிய மறைச்சிட்டுத் திரியிறானோ,” என்றாள் டைப்பிஸ்ட்.

சட்டென்று சிரிப்பு அடங்கியது. வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். அவர் சிரித்து அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை.

“நீங்க என் ரூமுக்கு வாங்க,” என்றார் குமாஸ்தாவிடம்.

குமாஸ்தா அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தங்கை கல்யாணத்துக்குக் கேட்டிருந்த பத்து நாள் லீவு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டே போனார்.

மேனேஜர் கதவைச் சாத்தினார்.

“எந்தப் பத்திரிகை?”

“இந்த வாரம் வந்தது சார். சும்மா தமாஷுக்குத்தான்...”

“கையில இருக்கா?”

குமாஸ்தா எடுத்து நீட்டினார். மேனேஜர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டுப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார்.

“இருபது வருஷமா நானும் சொல்றேன், என் சம்சாரம் நம்பவே மாட்டேங்கிறா. இன்னிக்கு நம்பித்தான் ஆகணும்.”

குமாஸ்தா அவருடைய பெரிய மீசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆனா ஒண்ண விட்டுட்டாங்க,” என்று லீவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டபடியே சொன்னார் மேனேஜர். “அந்தக் காட்சியில கேக்குற அழுகை டப்பிங் இல்ல. என் சொந்தக் குரல்.”