ஆறிலிருந்து ஏழு வரை

“யோகாவா? எனக்கா?”

தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையைத் தூக்கினாள் தையல்காரி.

“உனக்குத்தான். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு, நூலகத்து மாடியில. பேர் குடுத்துட்டேன்,” என்றாள் நாத்தனார். ஓய்வு பெற்ற நர்ஸ். தம்பிக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவன் பெண்டாட்டிக்காக ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டவள் இல்லை.

“அம்பது வயசுல எதுக்கு அண்ணி இதெல்லாம்? குனிஞ்சா முட்டியே எட்ட மாட்டேங்குது.”

“அதனாலதான் சொல்றேன். அவனைத் தூக்கி இறக்கி உன் இடுப்பு விட்டுப் போச்சு. நீயும் படுத்துட்டா ரெண்டு பேரையும் நானா பார்க்கிறது? அந்த ஒரு மணி நேரம் நான் வந்து இருக்கேன்.”

கட்டிலில் கிடந்த கணவரும் சேர்ந்துகொண்டார். பெயிண்டர். எலும்பில் புற்றுநோய். ஆறு மாதம் என்று டாக்டர் சொல்லி, நாலு மாதம் ஓடிவிட்டது.

“போயேன். இருபத்து நாலு மணி நேரமும் நீ பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா எனக்கு மூச்சு முட்டுது.”

அவளுக்குச் சுருக்கென்றது. இருக்கப்போவதே இன்னும் கொஞ்ச நாள். அதிலும் தினம் ஒரு மணி நேரம் பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டுமாம் இந்த மனுஷனுக்கு.

போனாள். கடைசி வரிசையில் பழைய போர்வையை விரித்துக்கொண்டு நின்றாள். முன்னால் இருந்த பெண்கள் ரப்பர் மாதிரி வளைந்தார்கள். கையை மேலே தூக்கியதற்கே இவள் தோள்பட்டை சொடக்குப் போட்டது.

“எனக்கு இது சரிப்படாதும்மா. சும்மா எடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கிறேன்,” என்றாள் டீச்சரிடம்.

“மொத நாள் யாரும் கால் விரலைத் தொட மாட்டாங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க, போதும்.”

“மூச்சு விடறதுக்குமா கிளாஸு?”

டீச்சர் சிரித்துவிட்டாள். ஆனால் மூச்சை இழுத்து விட்டபோதுதான், நாலு மாதமாகத் தான் ஒழுங்காக மூச்சே விடவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. கடைசியில் மல்லாந்து படுக்கச் சொன்ன ஐந்து நிமிஷமும் கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாளும் போனாள். இடுப்பு வலி குறைந்தது. மூன்றாவது வாரம் கணுக்காலைத் தொட்டேவிட்டாள். அதை வீட்டில் சொல்லத்தான் வாய் வரவில்லை. புருஷன் இந்த நிலைமையில் கிடக்கும்போது தன் உடம்பு லேசாவது அவளுக்குத் தப்பாகப் பட்டது.

“வலி எப்படிங்க இருக்கு?” என்பாள்.

“மாத்திரைதான் தர்றாங்களே. வலியெல்லாம் ஒண்ணுமில்ல,” என்பார். சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். தன்னைக் கண்டால் சலிப்பு என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் மாடி வீட்டு அம்மா படிக்கட்டில் மறித்தாள்.

“சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. நீங்க அந்தப் பக்கம் போனதும் உங்க நாத்தனார் கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்திடறாங்க. டிவியை ஊருக்கே கேக்கற மாதிரி வைக்கிறாங்க. காலங்காத்தால தூக்கம் போகுது. அதை விடுங்க. உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா நீங்க? எதுலயாவது கையெழுத்து வாங்கறாங்களோ என்னவோ.”

கையெழுத்து வாங்க என்ன இருக்கிறது? குடியிருப்பதே வாடகை வீடு. ஆனாலும் அந்தப் பேச்சு அவளைக் குடைந்தது. சொத்து இல்லையென்றால் பின்னே எது? கடைசி நாட்களுக்கு அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக அக்காக்காரி மனசைக் கலைக்கிறாளோ? அதற்குத்தானா இந்த யோகா, இந்த அக்கறை எல்லாம்? இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்துவிட்டு, முடியப்போகிற நேரத்தில் நாத்தனாரிடம் புருஷனைத் தூக்கிக் கொடுப்பதா?

மறுநாள் ஆறரைக்கே போர்வையைச் சுருட்டினாள்.

“என்னம்மா, பாதியில?” என்றாள் டீச்சர்.

“வீட்டுல ஒரு வேலை இருக்கு.”

கேட்க வேண்டியதையெல்லாம் வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ‘நான் என்ன குறை வெச்சேன்’ என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். நாத்தனாரை இன்றைக்கு வாசலோடு நிறுத்திவிட வேண்டும்.

மாடி வீட்டு அம்மா சொன்னது சரிதான். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. டிவியில் யாரோ செய்தி வாசிப்பது தெருவரைக்கும் கேட்டது. தன்னிடம் இருந்த சாவியைச் சத்தமில்லாமல் திருப்பி, கதவை ஒரு விரல் அளவு திறந்தாள்.

செய்திக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. அது தன் கணவரின் குரல் என்று புரியவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெயிண்டர் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடிபட்ட மாடு மாதிரி அலறிக்கொண்டிருந்தார். நாத்தனார் தம்பியின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அவள் கண் சுவர்க் கடிகாரத்தின் மேலேயே இருந்தது.

“கத்துடா, நல்லா வாய் விட்டுக் கத்து. அவ வர இன்னும் அரை மணி நேரம் இருக்கு.”