இழுத்துப் போகும் மெஷின்

மோதி பாக் வீட்டுத் தோட்டத்தில், புல்வெட்டும் மெஷினின் மூடியைக் கழற்றினாள் மது. பக்கவாதம் வந்ததிலிருந்து, தானாக நகரும் அந்த மெஷின் இழுத்துப் போனால்தான் அப்பா ராஜகோபால் நடப்பார்.

“கொஞ்ச நாளா ரொம்ப கனக்கறதுடி. ஜல்தி சரி பண்ணு. அது இல்லாம என்னால நடக்க முடியாது,” என்றார் நாற்காலியில் இருந்தபடி.

உள்ளே பார்த்த மது திகைத்துப்போனாள். சக்கரங்களை ஓட்டும் பெல்ட் அறுந்து கிடந்தது. அதன்மேல் பழைய புல் காய்ந்து ஒட்டியிருந்தது.

“பெல்ட் எப்பவோ அறுந்துடுத்துப்பா. பிளேடு மட்டும்தான் சுத்தறது. மெஷின் தானா நகராது.”

“அதெப்படி? நேத்துகூட தோட்டம் முழுக்க ஓட்டினேனே!”

“நீங்கதாம்பா அதைத் தள்ளிண்டு போயிருக்கேள்.”

ராஜகோபால் பிரமிப்போடு தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெல்ட்டை மாத்தாதேடி,” என்றார்.