இழுத்து வந்த படகு

சூசை தன் பழைய மீன்பிடிப் படகுக்குப் புது எஞ்சின் பொருத்தினார். படகுக்கு அது பிடிக்கவே இல்லை.

"நீ உதறுற உதறல்ல என் பலகையெல்லாம் கழண்டுரும். இறங்கிப் போ!" என்று சண்டை போட்டது.

"பார்த்து ஓடுறேன் அண்ணே" என்றது எஞ்சின்.

முதல் நாளே கடலில் பெருங்காற்று கிளம்பியது. பாய் கிழிந்த ஒரு படகு பாறையை நோக்கி அடித்துச் செல்லப்பட்டு, "காப்பாத்துங்க!" என்று அலறியது. சூசை கயிறு வீசினார். அந்தப் படகில் இருந்தவர்கள் அதைப் பிடித்துக் கட்டினார்கள். எஞ்சின் முழு மூச்சாக உறுமி, இரண்டு படகுகளையும் கரை சேர்த்தது.

"இந்த வயசுல உனக்கு இவ்வளவு பலமா!" என்று வியந்தது தப்பிய படகு.

"நான் எப்பவுமே இப்படித்தான்" என்றது பழைய படகு.

தப்பிய படகு விலகிப் போனதும், பழைய படகு எஞ்சினிடம் மெல்லக் கேட்டது: "தம்பி, நாளைக்கும் வருவேல்ல?"