பதில் போய்ச் சேரும் நேரம்

பதினாறு நிமிடம். செவ்வாயில் இருக்கும் மகள் 'அம்மா' என்றால் அது பூமிக்கு வர அவ்வளவு நேரமாகும். பதில் திரும்பிப் போக இன்னொரு பதினாறு. எத்தனை முறைதான் சொல்வது என்று நினைத்தாள் அமிர்தவல்லி. கல்லூரியில் இயற்பியல் நடத்துபவள். இந்தச் செவ்வாய்ப் பயணப் படத்துக்கு அறிவியல் ஆலோசகர்.

"தியேட்டர்ல யார் மேடம் வாட்சைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க?" இயக்குநர் ஜெரோம் சிரித்தான். "சாகப்போற பொண்ணு கூப்பிடுறா. அம்மா உடனே 'இங்கதான்டா இருக்கேன்'னு சொல்லணும். அதைக் கேட்டுட்டு அவ கண்ணை மூடணும். காட்சி சரின்னு ஒரு கையெழுத்து போடுங்க, போதும்."

அமிர்தவல்லியின் கைபேசியில் அவள் மகள் பூரணியின் கடைசிக் குரல் பதிவு இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அனுப்பியது. "எங்கேம்மா இருக்கே?" வகுப்பு முடிந்து, நாற்பது நிமிடம் கழித்துத்தான் அமிர்தவல்லி அதைக் கேட்டாள். 'இதோ வந்துட்டேன்டா கண்ணு' என்று பேசி அனுப்பினாள். அதை இன்றுவரை யாரும் திறக்கவில்லை.

"ஒரு வார்த்தைதானே மேடம். கேட்டுட்டுப் போகட்டுமே, பாவம்."

பேனாவை மூடிக் காகிதத்தின்மேல் வைத்தாள்.

"கேக்காது தம்பி" என்றாள்.