தினம் ஐந்நூறு குறையும்

பாறசாலை சங்கீதக் கடையில் யாரோ விற்றுத்தரச் சொல்லிக் கொடுத்திருந்த ஒரு பழைய வயலினுக்குத் தினமும் ஐந்நூறு ரூபாய் குறைத்தார்கள். முதலில் கேட்பவருக்குக் கிடைக்கும். நாலாயிரத்துக்கு இறங்கட்டும் என்று காத்திருந்தார் எலியா. ஆனால் கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவரும் தினமும் வந்து அந்த வயலினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆறாயிரத்தில் எலியாவுக்குப் பொறுக்கவில்லை. வாங்கிவிட்டார்.

“வயலின் பெட்டிக்குச் சாவி மட்டும் இல்ல சாரே,” என்றாள் கடைக்கார லேகா.

எலியா சட்டைக்காரரிடம் திரும்பினார். “வருத்தப்படாதீங்க அண்ணா. சர்ச் பாட்டுக்குழுவுக்காக்கும். நாளைக்கு நீங்க கொண்டு போயிருவீங்களோன்னு பயந்துட்டேன்.”

“இன்னும் கொறஞ்சிருமோன்னு நானும் பயந்துல்லா நின்னேன்,” என்றவர், பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்து நீட்டினார். “இந்தாங்க, பெட்டிச் சாவி.”